சிக்னல் குமிழ்

முதலில் இடது பெட்டி பாதி ஊமையானது.
தவில் இருந்தது. ஆண்குரல் இருந்தது.
ஜால்ராவைக் காணவில்லை.
செய்தி வாசிப்பவளின் சகரமெல்லாம்
போர்வைக்குள் இருந்து வந்தன.

கௌரிதாசனுக்கு அது தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடம் சீனன்குடா மாவாலையில்
உருளைகளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்.
ஞாயிறு மத்தியானம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ட்ரெபிளை முடியுமட்டும் வலப்பக்கம் திருகுவார்,
பிறகு வொலியூமை.
"இன்னும் கொஞ்சம் தெளிவு வேணும்."

உப்புவெளியில் எல்லாமே துருப்பிடிக்கும்,
கதவுக் கொண்டி, சைக்கிள் செயின், டப்பாவுக்குள் தையல் ஊசி.
நானும் கடலைத்தான் சந்தேகித்தேன்.
கம்பி முனைகளில் பச்சை பூத்திருந்தது உண்மை.
மூன்று வயதில் சாம்பவி
பட்டுக் குமிழியில் விரல் வைத்து அமுக்கிய பள்ளமும் இருந்தது
(செலோடேப் ஒட்டி இழுத்துப் பாதி நிமிர்த்தியிருந்தேன்).
இரண்டும் குற்றவாளி இல்லை.

நாலு திருகாணி.
மீற்றரை வைத்தேன், முள் அசையவில்லை.
மயிரைவிட மெல்லிய சுருள்
கருகி, ஓரிடத்தில் அறுந்து,
அடிப்பிடித்த பால் மணத்தோடு.

"அம்பிளிபயர் பெரிசு அக்கா, சின்னனாய் வாங்குங்கோ"
என்றான் பக்கத்து வீட்டு ஜெனிஸ்ரன்.
எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.
சின்னதுதான் கொல்லும்,
தன் வலுவுக்கு மிஞ்சிக் கத்தும்போது.
அலை எழும்பும். எழும்ப இடமில்லாமல்
கூரையில் தலை முட்டும்.
இளநியைச் சீவியதுபோல் உச்சி தட்டையாகும்.
அந்த வெட்டு விளிம்பில்
பாட்டில் இல்லாத கூர்மைகள் பிறந்து
நேரே மேலே ஏறிப்போகும்,
ட்வீட்டர் இருக்கும் இடத்துக்கு.
பாட்டில் இல்லாததைப் பாடிப் பாடி
ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எரிந்திருக்கிறது.
நாங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்போம்.

புதியது கொழும்பிலிருந்து வந்தது,
நாலாயிரத்து எண்ணூறு ரூபா, பஸ் கூலி வேறு.
இந்தமுறை விடுவதில்லை என்று
வொலியூம் குமிழுக்குப் பக்கத்தில்
நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.
கரண்ட் போனால் உடனே சுவிட்சை மூடு,
அது திரும்பி வரும்போது இடிக்கும் என்று சாம்பவிக்குச் சொன்னேன்.
அனுராதபுரச் சந்தியில் நஸ்மீரின் கராஜில்
பன்னிரண்டு வோல்ட் சிக்னல் குமிழ் ஒன்று கேட்டேன்.
"ஓட்டோவுக்கு எந்தப் பக்கம்?"
"இடது" என்றேன். பொய்யில்லை.
ட்வீட்டருக்குப் போகும் கம்பியின் நடுவில்
அதைத் தொடுத்துவிட்டால்
அளவான பாட்டுக்குத் தூங்கும்.
மிஞ்சினால் விழித்து
மிச்சத்தை வெளிச்சமாக்கித் தின்னும்.

ஈயம் ஊதுவதற்கு முதல்
தவில் பக்கம் சரியா என்று பார்க்கத்தான் போட்டேன்.
அவர் பின்னால் வந்து நின்றார்.
"ஜால்ரா கேக்குதா?" சும்மா கேட்டேன்.
"ஓ, இப்ப நல்லாக் கேக்குது.
புதுசெண்டால் புதுசுதான்."

ட்வீட்டர் மேசையில் கிடந்தது,
பேப்பர் சுற்றுக்கூடப் பிரிக்காமல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலையில் கொடுத்த மஞ்சள் காதடைப்பான்கள்
அலுமாரியில் பெட்டி பெட்டியாய் இருந்ததும்
சாம்பவி அவற்றைப் பொம்மைக்குத் தலையணையாய் வைத்ததும்
நாங்கள் சிரித்ததும் ஞாபகம் வந்தது.
அந்தச் சுருளுக்குக் கொழும்பில் கடை இல்லை.

பிறகு செய்தது இவ்வளவுதான்.
பெட்டியின் முகப்பில் துளை போட்டு
குமிழை வெளியே எடுத்து வைத்தேன்.
"இது சிவந்தால் குறையுங்கோ" என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இன்று ஞாயிறு. கச்சான் காற்று யன்னலை அடிக்கிறது.
பாட்டின் முன்னால் அவர் கதிரையைப் போட்டு
கண்ணை எடுக்காமல் இருக்கிறார்.
சிவக்கத் தொடங்க, கை தானாய்ப் போகிறது.
கொஞ்சம் குறைக்கிறார். அணைகிறது.

வாசலில் சாம்பவியின் சைக்கிள் மணி,
ஒருமுறை, பிறகு பொறுமையில்லாமல் மூன்றுமுறை.
நான் கதவைத் திறக்க எழும்புகிறேன்.
அவர் குமிழைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.